ராஜாவுக்கு டைம் டேபிள் போட்டவர்

தலைமைப் பண்பு பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால், ஹெட் ஆபீஸ் எங்கே இருக்க வேண்டும்? ஹார்வர்டு என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். மைசூரில் ஒரு பழைய லைப்ரரி இருக்கிறது. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாடக் கட்டிய கட்டடம். மகாராணி ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெயரைக் கொடுத்தவர் வரமாட்டார், வேலையை வேறு யாரோ பார்ப்பார்கள் என்றால், சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்?

1891-ல் தொடங்கிய ஓரியண்டல் லைப்ரரி அது. 1905-ல் அங்கே ருத்ரபட்டணம் சாமா சாஸ்திரி என்று ஒரு லைப்ரரியன். யார் யாரோ கொண்டுவந்து போடும் ஓலைச்சுவடிக் கட்டுகளைப் பிரித்து, தூசி தட்டி, என்ன ஏது என்று பார்ப்பது அவர் வேலை. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ஒரு பண்டிதர், கிரந்த எழுத்தில் இருந்த ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாஸ்திரி பிரித்துப் படித்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! அசல்! முழுசாக!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகத்தைப் பற்றி அதுவரை எல்லாருக்கும் தெரியும். வடமொழிக் கவி பாணர் அதைக் கொடூரமான நூல் என்று திட்டியிருந்தார். காஞ்சிபுரத்து தண்டி அதைக் கிண்டல் செய்திருந்தார். திட்டும் கிண்டலும் ஓர் எழுத்து விடாமல் பத்திரமாகப் பிழைத்து வந்திருக்கின்றன. புத்தகம்தான் காணாமல் போயிருந்தது.

சாஸ்திரி 1909-ல் மூலத்தை அச்சிட்டார். 1915-ல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு. 15 அதிகரணம், 150 அத்தியாயம். இந்தியர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மோட்சத்தைப் பற்றி யோசிப்பவர்கள் என்று நம்பிக்கொண்டிருந்த ஐரோப்பியப் பேராசிரியர்கள் திறந்து பார்த்தார்கள். உள்ளே சுங்கவரி, உப்பு வரி, சாராயக்கடை லைசென்ஸ், ஆனைக்குத் தீனி எவ்வளவு, பொய்க் கணக்கு எழுதினால் என்ன அபராதம் என்று வரிசையாக இருந்தது. மோட்சத்தைப் பற்றிப் புத்தகம் ஆர்வம் காட்டியதாகத் தெரியவில்லை.

சுவடியைக் கொடுத்த பண்டிதர்? சாஸ்திரி தன் முன்னுரையில் ‘தஞ்சை ஜில்லாப் பண்டிதர் ஒருவர்’ என்பதோடு முடித்துக்கொண்டார். உலகத்தின் மிகப் பெரிய தலைமைப் பண்புக் கட்டுரையைக் கையில் வைத்திருந்த மனிதர், அட்டையில் போட்டோ போடச் சொல்லவில்லை, ஃபாலோ பண்ணச் சொல்லவில்லை. நம்பவே முடியவில்லை.

சரி, புத்தகம் யாருக்கு? ராஜாவுக்கு. அதாவது சி.இ.ஓ.வுக்கு. முதல் வேலையாக அவருக்கு ஒரு டைம் டேபிள்.

பகலை எட்டாகப் பிரி. இரவையும் எட்டாகப் பிரி. ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். காலையில் முதல் பங்கு நாட்டின் பாதுகாப்பும் வரவு செலவும். இரண்டாவது ஜனங்களின் மனு. மூன்றாவதில் குளியல், சாப்பாடு, படிப்பு எல்லாம் ஒரே ஸ்லாட். அப்புறம் வசூல், ஆளெடுப்பு, கடிதம், ஒற்றர் ரிப்போர்ட், யானை குதிரை இன்ஸ்பெக்‌ஷன், சேனாதிபதியோடு மீட்டிங். ராத்திரி மூன்றாவது பங்கில் வாத்தியம் முழங்கப் படுக்கை அறைக்குப் போக வேண்டும். நாலும் ஐந்தும் தூக்கம். ஆறாவதில் மறுபடி வாத்தியம் முழங்க எழுந்துவிட வேண்டும். ஆகத் தூக்கம் மூன்று மணி நேரம்; பேண்டு வாத்தியம் இரண்டு தடவை. பக்கத்து அறைக்காரர்கள் எப்போது தூங்கினார்கள் என்பதைப் பற்றிப் புத்தகம் மூச்சு விடவில்லை.

இன்றைக்கு லிங்க்ட்இன்னைத் திறந்தால் ‘நான் விடிகாலை நாலு மணிக்கு எழுகிறேன்’ என்று ஒருவர் மார்தட்டுகிறாரே, அவருக்கு மூலபுருஷர் கௌடில்யர்தான். ஆனால் இவர் கெட்டிக்காரர். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இதெல்லாம் முடியாதவர் தன் சக்திக்குத் தகுந்தபடி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எல்லா ராஜாவும் அந்த வரியை மட்டும் மனப்பாடம் செய்திருப்பார் என்று சத்தியம் செய்கிறேன்.

இந்த டைம் டேபிளைக் கிண்டலடித்த முதல் ஆள் நான் இல்லை. கிட்டத்தட்ட 1,300 வருஷத்துக்கு முன்பே, பல்லவர் காலத்துக் காஞ்சியில் தண்டி செய்துவிட்டார். அவருடைய தசகுமார சரிதத்தில் ஒரு இளம் ராஜா. கிழட்டு மந்திரி ஒருவர், ராஜநீதியைப் படி என்று கெஞ்சுகிறார். பக்கத்தில் ஒரு ஜால்ரா. அவன் சொல்கிறான்: அதைப் படித்து முடிப்பதற்குள் கிழவனாகிவிடுவாய். காலையில் பல் விளக்கியதும் வரவு செலவு கேட்க வேண்டும். அப்புறம் வழக்குக்காரர்கள் கத்திக் கத்திக் காதைப் புண்ணாக்குவார்கள். சாப்பிட்டால், அது செரிக்கிறவரைக்கும் விஷமோ என்று பயம். இத்தனை கவலையோடு ராத்திரி தூக்கம் வேறு வருமாக்கும்!

படித்தால் இன்றைக்கு ஸ்டாண்ட்-அப் மேடையில் ஏற்றலாம், அவ்வளவு கச்சிதம். ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தான். மந்திரியை ஓரங்கட்டினான். வேட்டை, சூது, குடி என்று ஜாலியாக இருந்தான். பக்கத்து நாட்டு ராஜா கச்சிதமாகக் காய் நகர்த்தி ஆளையே காலி செய்துவிட்டான். கிண்டல் செய்த புத்தகம் சொன்ன வழியில்தான் செய்தான் என்பது தண்டி வைத்த ஊசி.

கௌடில்யரிடம் எனக்குப் பிடித்த இடம் ஆளெடுப்பு அத்தியாயம். யாரை மந்திரியாகப் போடுவது? பழைய குருமார்களில் பரத்வாஜர் சொல்கிறார்: கூடப் படித்தவர்களைப் போடு, அவர்களைத்தான் உனக்குத் தெரியும். விசாலாட்சர்: ஐயோ, கூட விளையாடியவன் மதிக்கவே மாட்டான், உன்னைப் போலவே ரகசியத் தப்பு செய்கிறவனைப் போடு, மாட்டிக்கொள்வோம் என்று அடங்கி இருப்பான். பராசரர்: அப்படியானால் நீயும் அவனுக்கு அடங்கித்தானே இருக்க வேண்டும்? ஆபத்தில் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவனைப் போடு. பிசுனர்: அது விசுவாசம், புத்தி எங்கே? வசூலைக் கூட்டிக் காட்டியவனைப் போடு. இன்னொருவர், பரம்பரை ஆளைப் போடு என்கிறார். அடுத்தவர், பரம்பரை ஆள் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான், புது ஆளைப் போடு என்கிறார். அதற்கும் அடுத்தவர், புது ஆளுக்குப் படிப்பு இருக்கும், அனுபவம் இருக்காது என்கிறார்.

ஏழு பெரியவர்களும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் கட்டத்தில் கௌடில்யர் எழுந்து தீர்ப்புச் சொல்கிறார். என்ன தீர்ப்பு? எல்லாரும் சொல்வது சரிதான், ஆளைப் பொறுத்தது. கன்சல்டன்ட் என்ற ஜாதி பிறந்த நேரம் இதுதான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆளை எடுத்தபின் சோதனை. அறம், பொருள், இன்பம், பயம் என்று நாலு ரகம். மூன்றாவதைக் கேளுங்கள். அந்தப்புரத்தில் செல்வாக்குள்ள ஒரு சந்நியாசினி மந்திரியிடம் தனியாகப் போய், ‘பட்டத்து ராணிக்கு உங்கள்மேல் ஒரு கண். சந்திக்க ஏற்பாடு ஆகிவிட்டது, பணமும் உண்டு’ என்று காதைக் கடிப்பாள். மறுத்துவிட்டால் மந்திரி பாஸ். மனிதவளத் துறை இன்றைக்கு இதைச் செய்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். இந்தச் சோதனை பழைய குருமார்கள் சொன்னது. கௌடில்யர் அதிலும் பிரேக் போடுகிறார்: ராஜாவையும் ராணியையும் தூண்டிலில் மாட்டாதே, சும்மா இருந்த நல்லவனையும் சோதித்துக் கெடுத்துவிடாதே என்கிறார். பயங்கரமான மனிதர் என்று பெயர் எடுத்தவர் கூட்டத்திலேயே நிதானமான ஆளாக இருந்திருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இந்த நாலு சோதனையும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் முதல் குறள் இதையே ஏழு சீரில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. உரை எழுத வந்த பரிமேலழகர்தான் விடவில்லை. அந்தத் தவமூதாட்டியையும் அழைத்துவந்து, அவள் போய் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். மைசூரில் 1905-ல் ‘கண்டுபிடித்த’ ரகசியம், நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் அதிகாரம் 51-ன் உரையாக அதற்கு முன்பே உட்கார்ந்திருந்தது.

இன்ஃப்ளூயன்சர்களும் உண்டு. நிஜமாக. மொட்டையோ ஜடாமுடியோ வைத்த ஒரு ‘தவசி’யை ஊருக்கு வெளியே உட்கார வை. மாதம் ஒருதடவை, இரண்டு மாதத்துக்கு ஒருதடவை, ஒரு பிடி கீரை மட்டும் எல்லாரும் பார்க்கச் சாப்பிடட்டும். ராத்திரி ரகசியமாக வேண்டியதை வெட்டட்டும். வியாபாரி வேஷத்தில் இருக்கும் உன் ஆட்கள் ‘சாமி சொன்னால் பலிக்கும்’ என்று பரப்பட்டும். சாமி, ‘நாளைக்கு ஒரு வீட்டில் தீப்பிடிக்கும்’ என்பார். நாளைக்கு நம் ஆட்கள் போய்க் காரியத்தை முடிப்பார்கள். டயட் வீடியோ, பெய்டு ரிவ்யூ, போலி ரிசல்ட். செல்போன் ஒன்றுதான் பாக்கி.

சம்பளப் பட்டியலும் போட்டிருக்கிறார். சேனாதிபதி, புரோகிதர், இளவரசர், ராஜமாதா இவர்களுக்கு வருஷத்துக்கு 48,000 பணம். அடிமட்ட வேலைக்காரருக்கு 60. எண்ணூறு மடங்கு! குமாஸ்தாவுக்கும் கணக்கருக்கும் 500. ராஜாவைப் பாடிப் புகழும் சூதருக்கும் ஜோசியருக்கும் 1,000. உண்மையை எழுதுகிறவனைவிடப் புகழ்ந்து பாடுகிறவனுக்கு இரண்டு மடங்கு என்பது அன்றைக்கே மார்க்கெட் ரேட்.

இப்படிச் சம்பளம் கொடுத்தால் ஊழியர் கைவைக்காமல் இருப்பாரா? மாட்டார் என்று அவருக்கும் தெரியும். கஜானாவில் கைவைக்க 40 வழிகள் என்று பட்டியலிட்டிருக்கிறார். பிடிக்க வேண்டிய அதிகாரிக்காக எழுதியது. கை வைக்க நினைத்தவருக்கும் அப்படியே ஒரு கையேடு. முப்பத்தெட்டு வழிதான் தெரிந்திருந்த ஆசாமிக்கு மீதி இரண்டும் கிடைத்த சந்தோஷத்தை யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு தெளிவான மனிதர் பதினாலாவது அதிகரணத்தில் திடீரென்று வேறு ஆளாகிவிடுகிறார். ஒட்டகத் தோலில் செருப்பு தைத்து, ஆந்தைக் கொழுப்பும் கழுகுக் கொழுப்பும் தடவி, ஆலிலையால் மூடிப் போட்டுக்கொண்டால் ஐம்பது யோசனை தூரம் களைப்பில்லாமல் நடக்கலாமாம். ராத்திரியில் கண் தெரிய, பூனை, ஒட்டகம், பன்றி என்று கண்ட மிருகத்தின் கண்ணையெல்லாம் பொடி செய்து மையிட வேண்டுமாம். சுங்கவரி சதவீதத்தை அவ்வளவு கறாராகச் சொன்ன பேனா! எல்லா மேனேஜ்மென்ட் குருவும் ஒரு கட்டத்தில் ஆழ்மன சக்திக்குப் போய்விடுகிறார்கள். இவரும் போனார், செருப்போடு.

எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்றும் ஒரு அத்தியாயம் உண்டு, அரசாணை எழுதுகிறவர்களுக்கு. முக்கியமானதை முதலில் சொல். முன்னுக்குப் பின் முரணாதே. குறையாமலும் மிகையாமலும் எழுது. சொன்னதையே திரும்பச் சொல்லாதே. கையெழுத்து அழகாக இருக்கட்டும். தலைமைப் பண்புக் கட்டுரையாளர்கள் கௌடில்யரிடமிருந்து ராஜாவின் டைம் டேபிளை எடுத்துக்கொண்டார்கள், ஒற்றரை எடுத்துக்கொண்டார்கள். இந்த அத்தியாயத்தை மட்டும் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

நூலின் கடைசியில் ஒரு சுலோகம். உரையாசிரியர்கள் நூலுக்கு ஒன்று, உரைக்கு ஒன்று என்று குழப்புவதைப் பார்த்து, விஷ்ணுகுப்தர் (கௌடில்யரின் இன்னொரு பெயர்) தானே சூத்திரமும் எழுதி, தானே உரையும் எழுதிவிட்டாராம். ஆசிரியர், விமர்சகர், மதிப்புரையாளர் மூன்றும் ஒரே ஆள்!

ஒரே ஆள்தானா? 1971-ல் தாமஸ் டிரவுட்மன் என்ற அமெரிக்க அறிஞர் உட்கார்ந்து, ‘உம்’, ‘ஏ’ மாதிரிச் சின்னச் சின்ன இடைச்சொற்கள் எந்த அதிகரணத்தில் எத்தனை வருகின்றன என்று எண்ணினார். கம்ப்யூட்டரும் உதவியது. முடிவு: ஒன்றுக்கு மேற்பட்ட கைகள். சந்திரகுப்த மௌரியனின் குடுமி அவிழ்ந்த மந்திரி சாணக்கியர்தான் கௌடில்யர், நூல் அவர் எழுதியது என்பதையே பல அறிஞர்கள் இப்போது ஒப்புவதில்லை. நூல் சில நூற்றாண்டுகள் பின்னால் வந்தது என்கிறார்கள். குழுவாக எழுதி, ஒரு பெரிய பெயரை மேலே போட்டிருக்கிறார்கள். கோஸ்ட் ரைட்டிங்கும் நம் கண்டுபிடிப்பே என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சாமா சாஸ்திரியின் மொழிபெயர்ப்பு வந்ததும் உலகம் கௌடில்யரை ‘இந்தியாவின் மாக்கியவெல்லி’ என்றது. அந்த மாக்கியவெல்லியின் யோக்கியதை என்ன? பிளாரன்ஸ் அரசில் வேலை பார்த்தவர். 1512-ல் ஆட்சி மாறியதும் சீட்டைக் கிழித்தார்கள். அடுத்த வருஷம் சதி செய்ததாகப் பிடித்து, கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கி இறக்கினார்கள். வெளியே வந்து கிராமத்தில் உட்கார்ந்து, பதவியை எப்படித் தக்கவைப்பது என்று புத்தகம் எழுதினார்! பகலில் குருவி பிடிப்பதும் சத்திரத்தில் சீட்டாட்டமுமாக இருந்துவிட்டு, மாலையானதும் அரசவை உடுப்பு மாட்டிக்கொண்டு படிக்க உட்காருவாராம். அவரே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். தன்னைத் துரத்திய மெடிசி குடும்பத்துக்கே புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்தார். வேலை கேட்டு எழுதிய உலகத்தின் மிக நீளமான விண்ணப்பம். பழைய வேலை கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார். புத்தகம் அச்சானது அவர் செத்து ஐந்து வருஷம் கழித்து.

மைசூருக்கே திரும்புவோம். இங்கே ஒரு ராஜா இருந்தார், யாரும் எழுதித் தர வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றவர். திப்பு சுல்தான். வியாபாரத்துக்கு விதிமுறை. வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வருகிறது, அதை எங்கே வைப்பது என்பதற்குக் கோட்டை அதிகாரிக்கு ஒரு கடிதம். ஊர்களின் பெயரை மாற்றினார், எடை அளவுகளை மாற்றினார். மாசங்களின் பெயரையும் மாற்றினார். வருஷக் கணக்கையே மாற்றி, எண்களை வலமிருந்து இடமாக எழுதச் சொன்னார். ஆங்கிலேயப் படை வருவதற்கு முன்பே மைசூர் குமாஸ்தாக்கள் தோற்றுப்போயிருப்பார்கள்.

இப்படி எல்லாருக்கும் உத்தரவு எழுதிக்கொண்டிருந்தவர், ராத்திரியில் யாருக்கும் காட்டாமல் இன்னொன்றும் எழுதினார். கனவுப் புத்தகம். பாரசீகத்தில், சொந்தக் கையெழுத்தில், 37 கனவுகள். ஒன்றில் சீனத்து ராஜா வெள்ளை யானை அனுப்பி வைக்கிறார். இன்னொன்றில் ஆண் உடையில் ஒரு பெண் வருகிறாள். விடிந்ததும், மராட்டியர்கள் வீர வேஷம் போட்ட கோழைகள் என்று அதற்குப் பலன் எழுதுகிறார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் கர்னல் கிர்க்பேட்ரிக் கைக்கு அது போனது. அவர்தான் திப்புவின் கடிதங்களையும் 1811-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார். நம் மெமோவை எதிரி கம்பெனி தொகுத்து வெளியிடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

எதிரணியிலும் ஒரு எழுத்தாளர். ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு. 1799 ஏப்ரல் 5 ராத்திரி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்கப் போனார். கும்மிருட்டு. வாய்க்கால். மரம். திப்புவின் ஆட்கள் சுட ஆரம்பித்ததும் படை திசை தெரியாமல் சிதறியது. நடுராத்திரி வாக்கில் படபடப்போடு ஜெனரல் ஹாரிஸின் கூடாரத்துக்கு வந்து, தோப்பைப் பிடிக்க முடியவில்லை என்றார். மறுநாள் வெளிச்சத்தில் போய் லகுவாகப் பிடித்தார்கள். அப்புறம் அண்ணனுக்கு ஒரு கடிதம்: பகலில் நோட்டம் பார்க்காத இடத்தில் இனி ராத்திரித் தாக்குதலே கிடையாது.

‘என் தோல்வியிலிருந்து நான் கற்ற பாடம்’ என்று இன்றைக்குத் தினம் நூறு பேர் எழுதுகிறார்களே, அதற்கு இவ்வளவு நல்ல மாதிரி வேறு கிடையாது. ஒரே ஒரு சின்ன விஷயம். கடிதம் பெற்ற அண்ணன் ரிச்சர்ட் அப்போது கவர்னர் ஜெனரல். தோற்றுவிட்டுத் தைரியமாக உண்மை எழுதலாம், மேலே இருப்பது அண்ணனாக இருந்தால். மே 4-ல் கோட்டை விழுந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கவர்னராக யாரைப் போட்டார்கள்? தோப்பில் வழி தவறியவரை. கூடப் படித்தவனைப் போடு, உயிர் காத்தவனைப் போடு என்று அடித்துக்கொண்ட ஏழு பெரியவர்களில் ஒருவருக்கும் தம்பியைப் போடு என்று சொல்லத் தோன்றவில்லை.

இத்தனை தலைவர்கள் இவ்வளவு எழுதினார்களே, கீழே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்தில் மார்டள்ளி என்று ஓர் ஊர். தமிழ் பேசும் ஊர். வயலும் மாதா கோயிலுமாக இருக்கும். திப்பு விழுந்ததும், மார்டள்ளி இருக்கும் கொள்ளேகால் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய், கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு மெட்ராஸ் நிர்வாகம். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் தாலுகாவைத் தூக்கி மைசூரிடம் கொடுத்தார்கள். 1973-ல் மைசூர் மாநிலத்துக்கே பெயர் மாறிக் கர்நாடகம் ஆனது. 1997-ல் மைசூர் ஜில்லாவை வெட்டிச் சாமராஜநகர் என்றார்கள். அப்புறம் தாலுகாவும் மாறி ஹனூர்.

அந்தப் பக்கத்து மனிதர் இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. சுல்தான், கம்பெனி, கலெக்டர், இரண்டு மாநிலம், மூன்று ஜில்லா என்று மேனேஜ்மென்ட்தான் தலைக்கு மேலே மாறிக்கொண்டே இருந்தது. மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்று ஏழாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் வொர்க்‌ஷாப் நடத்துகிறார்களே, அவர்கள் மார்டள்ளி டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் பில்லைக் குறைத்துக்கொள்வார்கள்.

மைசூரின் கடைசி மகா உபதேசியைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். சர் எம். விஸ்வேஸ்வரய்யா. 1912 முதல் 1918 வரை திவான். பேங்க், யூனிவர்சிட்டி, சந்தன சோப்பு, கிருஷ்ணராஜ சாகர் அணை என்று எதைத் தொட்டாலும் எழுப்பியவர். நூறு வயதைத் தாண்டியும் கோட்டு, டை, தலைப்பாகை கலையாமல் இருந்தவர். 1951-ல் சுயசரிதை எழுதினார். தலைப்பிலேயே ‘என் வேலைக்கால நினைவுகள்’ என்று சொல்லிவிட்டார். உள்ளேயும் அப்படித்தான், அணை, ரிப்போர்ட், கமிட்டி. கௌடில்யரின் டைம் டேபிளை நிஜமாகவே பின்பற்றிய ஒரே மனிதர் இவராக இருக்கும். பாவம், ராஜாவாக இல்லை.

சர்க்கார் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு, சொந்தக் கடிதத்துக்குச் சொந்த மெழுகுவத்தி ஏற்றுவார் என்று ஒரு கதை உண்டு. அதே கதை சாணக்கியரைப் பற்றியும் உண்டு. அங்கே அது எண்ணெய் விளக்கு. கலீஃபா உமரைப் பற்றியும் உண்டு. நேர்மையான அதிகாரிகளை ஊர் ஊராகத் தேடி அந்த ஒரே விளக்கு அலைந்துகொண்டிருக்கிறது போலும்.

இவ்வளவு பெரிய மனிதர் விஸ்வேஸ்வரய்யா ஏன் வேலையை விட்டார்? ஆளெடுப்புத் தகராறுதான். அரசு உத்தியோகத்தில் பிராமணரல்லாதாருக்கு இடம் போதவில்லை என்ற குறையை விசாரிக்க, நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் 1918-ல் மகாராஜா கமிட்டி போட்டார். திறமை போய்விடும் என்றார் திவான். வாய்ப்பே தராமல் திறமையை எங்கே பார்ப்பது என்றார்கள் மற்றவர்கள். திவான் ராஜினாமா செய்தார். பரத்வாஜரும் விசாலாட்சரும் ஆரம்பித்த சண்டையில் மைசூரும் ஒரு ரவுண்டு ஆடிப் பார்த்தது. எல்லாரும் சொல்வது சரிதான் என்று மழுப்ப அன்றைக்கு யாரும் இல்லை. மகாராஜா கமிட்டி பக்கம் நின்றார். காலம் அவருக்கே மார்க் போட்டது.

அந்த மகாராஜா நாலாவது கிருஷ்ணராஜ உடையார். சாமா சாஸ்திரி சம்பளம் வாங்கியது இவருடைய சமஸ்தானத்தில்தான். மைசூர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ, விளக்குக் கதை மாதிரி வளர்ந்ததோ, சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மகாராஜா ஜெர்மனிக்குப் போயிருந்தாராம். ஒரு யூனிவர்சிட்டியில் அறிமுகம் செய்தார்கள், மைசூர் மகாராஜா என்று. அங்கிருந்த பேராசிரியர் கண் விரிய, ‘ஓ, சாமா சாஸ்திரி இருக்கும் மைசூரா?’ என்றாராம். மகாராஜா ஊர் திரும்பியதும் சாஸ்திரியை அழைத்துக் கௌரவித்தார் என்று முடியும்.

தன் ராஜ்யத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மாணவன், சந்நியாசி, குடியானவன், வியாபாரி, தவசி என ரகரகமாய் ஒற்றரை வை, தினமும் நேரம் ஒதுக்கி ரிப்போர்ட் கேள் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். அரண்மனை இருக்கும் அதே ஊர் லைப்ரரியில் அதைக் கண்டெடுத்தவர் யார் என்று ராஜாவுக்கு ரிப்போர்ட் கொடுத்தவர், கதைப்படி, ஒரு ஜெர்மன்காரர். அவருக்குச் சம்பளம்கூடக் கிடையாது.